ஒரு சாண் இடப்பக்கம்

திண்டிவனம்
10.2.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

அப்பா எழுதுவது. இந்தத் தடவை உறைக்குள் வருகிறேன். போன வாரம் ஐம்பது காசு கார்டில் எழுதியது பெரிய அசிங்கமாகிவிட்டது.

இன்று தபால் ஆபீசில் இன்னொரு கார்டு கேட்டேன். கவுண்ட்டரில் இருக்கிற சித்ரா மேடம் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, "ஏன் சார், பொண்ணு இன்னும் மனசு எறங்கலையா?" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கார்டுன்னா எல்லாரு கண்ணுலயும்தான் படும். 'இந்தக் கஞ்சப்பய அப்பனை மன்னிச்சுடு'ன்னு கொட்டை எழுத்துல எழுதினா நாங்க இன்னா கண்ண மூடிக்கினா முத்திரை குத்த முடியும்? ஒரு உறை வாங்கிக்குங்க சார், அஞ்சு ரூவாதான்" என்றது. எனக்குப் பின்னால் மணியார்டர் பாரத்தோடு நின்ற அம்மா, "இன்னா சண்டையாம்?" என்று அதனிடமே கேட்டது. நாலரை ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஊருக்கே பொழுதுபோக்கு ஆனேன். அதுவும் இலவசமாக.

அந்தக் கார்டும் உன் ஸ்கூல் விலாசத்துக்குத்தான் போனது. நீ தங்கியிருக்கிற ரூம் விலாசம் எனக்குத் தெரியாதே. உன் கைக்கு வருமுன் எத்தனை டீச்சர் கை மாறியதோ. அதற்கும் சேர்த்து மன்னிப்பு.

"போன் பண்ணாதீங்க. எதுனா சொல்லணும்னா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் சும்மா சொல்கிறாய் என்று நினைத்துப் போன் அடித்தேன். எப்போது அடித்தாலும் பிஸி என்கிறது. "மூணு வாரமா ஒருத்தர் பிஸியா இருக்க முடியாதுய்யா, உன்ன பிளாக் பண்ணிக்கிது" என்று டீக்கடை பச்சைமுத்துதான் விளக்கம் சொன்னான். அதனால் எழுதுகிறேன். ஒன்பதாவது வரைக்கும் படித்தவன் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நடந்ததை யோசித்துப் பார்த்தேன். நீ உன் ஸ்கூல் பிள்ளைகள் நாலு பேரை ஷட்டில் மேட்சுக்குக் கூட்டி வந்தாய். போகிற வழியில் நம் பஞ்சர் கடையில் தண்ணி குடிக்க நிறுத்தினாய். நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு பெருமை! உள்ளே போய், நான் இறகு மாற்றிச் சரிபண்ணி வைத்திருந்த பழைய ஷட்டில் காக் பன்னிரண்டையும் பையில் போட்டு, "இந்தாங்கம்மா, பழகுறதுக்கு வெச்சிக்குங்க, ஒரு பைசா செலவு இல்ல" என்று கொடுத்தேன். நீ அந்தப் பையைப் பிடுங்கி நடுத்தெருவில் எறிந்தாய். "இன்னும் நாலு புள்ளைங்கள கெடுக்கணுமா?" என்று கேட்டாய். நல்ல வேளை லாரி எதுவும் வரவில்லை. பதினொன்றைப் பொறுக்கிவிட்டேன்.

உன் பிள்ளைகள் எதிரில் பழைய சாமானைக் கொடுத்து உனக்குக் கூச்சத்தை உண்டாக்கிவிட்டேன். நீ இப்போது டீச்சர். உன் அப்பன் இன்னும் ஓசி சவுரிதான். பேப்பர் படிக்க லைப்ரரி, காற்று வாங்க ரயில்வே பிளாட்பாரம், பொருட்காட்சி என்றால் கடைசி நாள் பாதி டிக்கெட். இந்தத் தெருவில் காசில்லாமல் பொழுதைப் போக்குவது எப்படி என்று கேட்டால் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். உனக்கு அது வெட்கமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இனி யாருக்கும் காக் கொடுக்க மாட்டேன். போனை மட்டும் திறந்துவிடு.

உன் அப்பா,
சவுரிராயன்


விழுப்புரம்
21.2.2025

அப்பா,

கார்டை ஸ்டாஃப் ரூம் போர்டில் இருந்து எடுத்தேன். யாரோ குண்டூசி குத்தி மாட்டியிருந்தார்கள். பரவாயில்லை.

நீங்கள் தப்பான விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள். பழசைப் பார்த்து நான் என்றைக்கும் கூச்சப்பட்டது இல்லை. அறுந்த சைக்கிள் டியூபை நெட்டாகக் கட்டி ஆடியவள் நான். ஸ்கூலில் யாராவது சிரித்தால் சண்டைக்குப் போனவள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். பையைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது. பாதி சொன்ன பிறகு மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனி காக்கில் பதினாறு இறகும் வாத்தின் இடது ரெக்கையில் இருந்து எடுப்பது. எல்லாம் ஒரே பக்கம் வளைந்திருக்கும். அதனால் காக் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். நீங்களும் ஒரே பக்க இறகாகத்தான் பொறுக்கினீர்கள். ஆனால் வலது ரெக்கை. அது மாற்றிச் சுற்றும். நீங்கள் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டுவதில் கனமும் கூடும். நம் காக் போகிற போக்கில் ஒரு சாண் இடப்பக்கம் விலகும். எனக்கு அது தெரியாது. என் கைக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வயசில் இருந்து பதினேழு வயசு வரைக்கும் எங்கே விழ வேண்டுமோ அதற்கு ஒரு சாண் வலப்பக்கம் பார்த்து அடித்துப் பழகிவிட்டேன். ஸ்கூல் மேட்ச்சில் எல்லாம் நைலான் காக். அதன் போக்கே வேறு என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

மாவட்ட அணித் தேர்வில்தான் முதல்முறையாகப் புது இறகு காக்கைத் தொட்டேன். நீங்கள் கேலரியில் இருந்தீர்கள். நான் அடித்தது எல்லாம் வலது கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே விழுந்ததைப் பார்த்தீர்கள். "அந்தப் பொண்ணு உன்னைவிட ஒசரம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். அது உயரம் இல்லை அப்பா.

உடற்கல்வி காலேஜில் சேர்ந்த பிறகு ஒரு நாள் சார் கேட்டார்: "ஏம்மா, எப்பவும் இல்லாத காத்துக்கு அடிக்கிறே?" அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. அதைச் சரி பண்ண ரெண்டு வருஷம் ஆனது. அதற்குள் விளையாடுகிற வயசு போய்விட்டது.

இந்தக் காக்கைத்தான் என் பிள்ளைகளிடம் கொடுத்தீர்கள்.

பிரபா


திண்டிவனம்
9.3.2025

பிரபாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு நம்பாமல் பரீட்சை பண்ணிப் பார்க்கக் கிளம்பினேன். உன் அப்பன் அப்படித்தான். சைக்கிளில் காற்று இறங்கினால்கூடத் தண்ணியில் முக்கிக் குமிழி பார்க்காமல் நம்ப மாட்டேன்.

பச்சைமுத்துவைக் கூட்டிக்கொண்டு ஆபீசர்ஸ் கிளப் பக்கம் போனேன். பழைய கோர்ட்டு புல் முளைத்துக் கிடக்கிறது. கடைசிக் கோட்டில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டோம். என் கைக் கணக்குக்கு இடம் வலம் சொல்ல அவன் அங்கே நின்றான். நான் இந்தப் பக்கம் நின்று ராக்கெட்டை வட்டத்துக்கு நேராகப் பிடித்து, குறி பார்த்து அடித்தேன். பதினொரு காக். "எடப்பக்கம்" என்றான். அடுத்தது. "எடப்பக்கம்." அதற்கடுத்தது. "யோவ், ஒனக்கு வாதம் கீதம் இருக்குதா, எல்லாம் எடப்பக்கமே போவுது?" என்றான். பதினொன்றும் இடப்பக்கம்தான். குனிந்து கையை விரித்து அளந்தேன். நீ சொன்ன அதே ஒரு சாண்.

அப்புறம் ஒரு கடையில் புது காக் ஒன்று வாங்கினேன். ஆமாம், காசு கொடுத்து. பச்சைமுத்து இதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். அதைக் குறி பார்க்காமல், பழைய வாக்கில் அடித்தேன். வட்டத்துக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. என் கையும் அப்படியே பழகியிருக்கிறது, பார்த்தாயா. இத்தனை வருஷமும் நேராக அடிக்கிறோம் என்று நினைத்தே வலப்பக்கம் அடித்திருக்கிறேன். உனக்கு எதிரில் நின்று எட்டு வருஷம் ஆடியவன் நான்தானே.

எல்லா இறகும் ஒரே பக்கம் வளையணும் என்று கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? கம்பெனிக்காரன் மூளை எனக்கும் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். "அப்பா, நீங்க சயின்டிஸ்ட்" என்றாய். சயின்டிஸ்ட் ரெக்கையை மாற்றி எடுத்துவிட்டான்.

வலது ரெக்கையை எடுத்ததற்குக் காரணமும் சொல்கிறேன், நீ சிரிப்பாய். ஏரிப் பக்கம் வாத்துக் கிடை போடுவாரே சின்னக்கண்ணு, அவர் வாத்து பறந்து போகாமல் இருக்க ஒரு பக்க ரெக்கையை மட்டும் கத்தரிப்பார். கத்தரித்தது வலது பக்கம். கீழே கிடந்தது எல்லாம் அந்தப் பக்க இறகு. இனாமாகக் கிடைத்தது வலது. அவ்வளவுதான். அவர் இடக்கைக்காரராக இருந்து கத்தரியை மாற்றிப் பிடித்திருந்தால் நீ தேர்வாகிச் சென்னைக்குப் போயிருப்பாய்.

இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கார்டிலும் அடங்காது, உறையிலும் அடங்காது.

பதினொன்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன். முடி கருகுகிற நாற்றம் இன்னும் போகவில்லை.

அப்பா


விழுப்புரம்
30.3.2025

அப்பா,

எரித்திருக்க வேண்டாம். அதைப் படித்து அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டு அருணா டீச்சர் லெட்டரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா காமெடியா எழுதுறாரு, நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்றாள்.

இறகு விஷயத்தில் உங்கள் மேல் கோபம் இல்லை. அது தெரியாமல் நடந்தது. நீங்கள் தெரிந்து செய்தது என்று ஒன்று இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ஒரு செய்தி. எனக்கு மஸ்கட்டில் ஒரு ஸ்கூலில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று வருஷம். ஜூன் எட்டாம் தேதி கிளம்புகிறேன். போவதற்கு முன் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் எழுதப் போகிற பதிலைப் பார்த்துத்தான்.

அந்தத் தேர்வு நாள். ரெண்டாவது செட். பத்தொன்பதுக்கு இருபது. நான் அடித்த கடைசி அடி கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவர் கையை நீட்டினார். எனக்கு யாரையாவது பார்க்க வேண்டும் போல இருந்தது. கேலரிப் பக்கம் திரும்பினேன். நீங்கள் மடியில் அவிச்ச மல்லாட்டைப் பொட்டலமும் கடலைத் தோலுமாக உட்கார்ந்திருந்தீர்கள்.

நீங்கள் சிரித்தீர்கள்.

நான் பார்ப்பது தெரிந்ததும் உடனே முகத்தை மாற்றிக்கொண்டீர்கள். அது ஒரு நொடிதான் இருக்கும். அந்த நொடியை ஒன்பது வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். காலேஜில் காக் விலகும் கதை புரிந்தபோது முதலில் நினைவு வந்ததும் அதுதான். வேண்டுமென்றே செய்தாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நினைத்தேன்.

ஏன் சிரித்தீர்கள்?

ஜோக் எதுவும் வேண்டாம் அப்பா. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பிரபா


திண்டிவனம்
6.4.2025

அன்புள்ள பிரபாவுக்கு,

மஸ்கட் என்றதும் லைப்ரரியில் மேப் பார்த்தேன். ஒரு விரல் அகலம்தான் இருக்கிறது. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அங்கே இதைவிட அதிகம் என்கிறார்கள். தொப்பி வைத்துக்கொள்.

வேண்டுமென்றே செய்தேனா என்று எழுதியிருந்தாய். சத்தியமாக இல்லை. உன் அம்மா ஜெயத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், காக் விலகுவது எனக்குத் தெரியாது.

இந்த விளையாட்டு எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. உன் அம்மா போய் இருபது நாள் ஆகியிருந்தது. நீ யாரோடும் பேசவில்லை. சோறு கொடுத்தால் சாப்பிடுவாய், ஸ்கூலுக்குப் போ என்றால் போவாய், பேச்சு மட்டும் கிடையாது. பிள்ளையை எங்கேயாவது வெளியே கூட்டிப் போ என்றார்கள். எங்கே கூட்டிப் போவது? மண்டகப்பட்டு குகைக்கோயிலுக்குக் கூட்டிப் போனேன். டிக்கெட் கிடையாது. எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு போனோம். அடுத்த வாரம் மறுபடி மண்டகப்பட்டு. அதற்கு அடுத்த வாரமும். அங்கே மாடு மேய்க்கிற அம்மா, "கல்லுல இன்னும் இன்னா பாக்கி இருக்குது சார் பாக்குறதுக்கு?" என்று கேட்டது. அப்படியும் நீ பேசவில்லை.

ஒரு நாள் ஆபீசர்ஸ் கிளப் மதில் ஓரம் இறகு ஒடிந்த காக் ஒன்று கிடந்தது. எடுத்து வந்து ரெண்டு கோழி இறகைச் சொருகி உன் பக்கம் தட்டினேன். அது நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிப் போய் உன் மண்டையில் விழுந்தது. நீ சிரித்தாய். "அப்பா, இது கோழி மாரியே போவுது" என்றாய். நாற்பத்து மூணு நாள் கழித்து உன் வாயில் இருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு நான் விடுவேனா. கோழி இறகு போய் வாத்து இறகு வந்தது. கிளப்பில் நரம்பு அறுந்த ராக்கெட்டைப் பழைய பேப்பர் விலைக்கு வாங்கி தூண்டில் நரம்பு கட்டினேன். டியூபை அறுத்து நெட்டு ஆக்கினேன். சாயந்திரம் கம்ப்ரஸரை நிறுத்தின சத்தம் கேட்டதும் நீ ராக்கெட்டோடு தெருவில் நிற்பாய். உலகத்தில் யாரும் இவ்வளவு மலிவாக ஒரு குழந்தையைச் சிரிக்க வைத்திருக்க மாட்டான் என்று நினைத்துக்கொள்வேன். பணக்காரன் பிள்ளைக்குக்கூட இப்படி ஒரு சாயந்திரம் கிடைக்காது என்று பச்சைமுத்துவிடம் சொல்லியிருக்கிறேன்.

பக்கம் தீர்ந்துவிட்டது. இது எட்டாவது பக்கம். சித்ரா மேடம் கனம் பார்த்து எக்ஸ்ட்ரா ஸ்டாம்பு கேட்கும்.

மே மாதம் ஸ்கூல் லீவு விடும்போது வருகிறாயா?

அப்பா


[அஞ்சலட்டை]
விழுப்புரம், 16.4.2025

அப்பா, எட்டுப் பக்கம் வந்தது. நான் கேட்டது அதில் இல்லை. — பிரபா


திண்டிவனம்
20.4.2025, ஈஸ்டர்

பிரபாவுக்கு,

பூசை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். மூணு தடவை எழுதிக் கிழித்தேன். காகிதத்தைக் கிழிக்கிற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில்.

கடைசி அடி வெளியே விழுந்ததும் நீ திரும்பினாய். உன் கீழ் உதடு துடித்தது. உன் அம்மாவை எடுத்துக்கொண்டு போனபோது நீ அப்படித்தான் நின்றாய். நானும் அழுதுவிட்டால் நீ அந்த இடத்திலேயே உடைந்துபோவாய் என்று பட்டது. மறுபடி நாற்பது நாள் பேசாமல் போய்விடுவாய் என்று பயம். அதனால் சிரித்தேன். ஒன்றும் ஆகவில்லை பாப்பா, வா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதற்காகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை போலிருக்கிறது. பாதியிலேயே நின்றுவிட்டது.

அவ்வளவுதான்மா.

அப்பன் வேறு எதற்குச் சிரிப்பான்?

உன் அப்பா


விழுப்புரம்
3.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போனிலேயே சொல்லலாம். இப்போது தினமும் பேசுகிறோமே. ஆனாலும் இதைப் பேசினால் நீங்கள் நடுவில் ஜோக் சொல்லிக் கலைத்துவிடுவீர்கள். அதனால் கடைசியாக ஒரு கடிதம்.

வீட்டுக்கு வந்த அன்றைக்குப் பிறகு மூன்று வாரமாக என் முகத்தில் ஏதோ மாறியிருக்கிறது என்று அருணா டீச்சர் சொல்கிறாள். நான் கொண்டு வந்த புது காக் டப்பாவைப் பார்த்து, "இது இன்னா வெல?" என்று நீங்கள் கேட்டதையும், நான் சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதையும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அதே மின்கம்பத்தில் அதே டியூபைக் கட்டினீர்கள். ஒவ்வொரு அடியும் வலப்பக்கம் போய், ஒன்று பச்சைமுத்து மாமாவின் பால் பாத்திரத்தில் விழுந்ததே! தெருவில் உட்கார்ந்துவிட்டேன், நிற்க முடியவில்லை. அறுபது வயசில் உங்களுக்குக் கோச்சிங் கொடுக்க வேண்டும் போல.

எல்லாவற்றையும் எரித்தேன் என்றீர்கள். கிளம்புகிற நேரத்தில் ஸ்பேனர் பெட்டிக்குள் ஒன்று கிடந்தது. கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். நடுத்தெருவில் காணாமல் போன பன்னிரண்டாவது அதுதான் என்று நினைக்கிறேன். யாரோ கொண்டு வந்து கொடுத்திருப்பார்கள். மஸ்கட்டுக்கு எடுத்துப் போகிறேன்.

எழுத வந்தது இது இல்லை.

என்னிடம் வெண்ணிலா என்று ஒரு பிள்ளை படிக்கிறாள். கண்டமங்கலம் பக்கம். உங்கள் கடையில் தண்ணி குடித்த நாலு பேரில் குள்ளமானவள். ஏப்ரல் கடைசியில், உங்கள் ஈஸ்டர் கடிதம் வந்த வாரம், அவள் ஒரு மேட்ச்சில் கடைசிப் பாயிண்ட்டில் தோற்றாள். தோற்றதும் என் பக்கம் திரும்பினாள். உதடு துடித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். நீங்கள் சிரித்த மாதிரி. ஒன்றும் ஆகவில்லை, வா என்று. அவள் அழவில்லை அப்பா. ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "மிஸ், நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "இது எங்க அப்பாகிட்ட கத்துக்கினது" என்று சொன்னேன்.

அன்றைக்கு நான் உங்களிடம் ஓடிவந்திருக்க வேண்டும். வரவில்லை. உங்கள் முகத்தில் இருந்ததைத் தப்பாகப் படித்துக்கொண்டு ஒன்பது வருஷம் உங்களைத் தள்ளி வைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான். மன்னித்துவிடுங்கள் அப்பா.

இனி என்னிடம் படிக்கிற எத்தனை பிள்ளைகள் தோற்றாலும் முதலில் அந்தச் சிரிப்பைத்தான் பார்ப்பார்கள்.

லைப்ரரியில் ஃபேன் அடியில் தூங்காதீர்கள். வீட்டு ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லுக்கு நான் அனுப்புகிறேன்.

உங்கள் பிரபா


திண்டிவனம்
14.6.2025

பிரபா,

உனக்கு அனுப்புகிற கடிதத்தைக் காலையிலேயே எழுதி ஒட்டிவிட்டேன். அதில் வெயில் இருக்கிறது, பச்சைமுத்துவின் புது பால் பாத்திரம் இருக்கிறது. சித்ரா மேடம் ஸ்டாம்பு ஒட்டும்போது, "பொண்ணு பேசிடுச்சா சார்?" என்று கேட்டது. "பேசிடுச்சும்மா" என்றேன். கியூவில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இது வேறு. இதற்கு உறை வாங்கவில்லை.

எனக்கு ஜோக்கு சொல்ல வரும். காசு மிச்சம் பிடிக்க வரும். மூன்றாவதாக ஒன்றும் வரும் என்று ஈஸ்டர் அன்றைக்குத்தான் தெரிந்தது. பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வந்த வாயோடு உட்கார்ந்து உனக்குப் பொய் எழுதினேன். உண்மையை எழுதினால் நீ வர மாட்டாய். ஒரு தடவை உன்னைப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ வந்தாய். தெருவில் உட்கார்ந்து சிரித்தாய். இன்றைக்கு வேண்டாம், போகும்போது சொல்லலாம் என்று தள்ளினேன். பஸ் ஏற்றிவிடும்போது வாய் வரைக்கும் வந்தது. "ஜன்னல் சீட்டு புடி" என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்கப்புறம் உன் கடிதம் வந்தது. அந்த வெண்ணிலா பிள்ளையைப் பற்றிப் படித்ததும் தெரிந்துபோயிற்று, இனிமேல் இதை என்றைக்கும் சொல்ல முடியாது.

அன்றைக்கு என் சட்டைப் பையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தேர்வானால் சென்னையில் ஒரு மாசப் பயிற்சி, நம் செலவு என்று சொல்லியிருந்தார்கள். ரூமுக்கு, சாப்பாட்டுக்கு, ஷூவுக்கு, புது காக்குக்கு என்று எழுதி வைத்திருந்தேன். கம்ப்ரஸரை விற்றால் சரியாக இருக்கும். பழைய மெஷின் வாங்குகிற இருதயராஜிடம் பேசியும் வைத்திருந்தேன். "பொண்ணு ஜெயிச்சா நாளைக்கு வந்து எடுத்துக்கினு போ" என்று. கம்ப்ரஸர் இல்லாத பஞ்சர் கடை என்ன கடை? கைப் பம்பு அடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முதல் நாள் பூராவும் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

விற்கத் தயாராகத்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உனக்கும் அது கேட்க நன்றாக இருக்கும். தயாராக இருந்தவன் முகம் ஏன் அப்படிப் போக வேண்டும்?

நீ ஸ்பேனர் பெட்டியில் இருந்து எடுத்துப் போனது பன்னிரண்டாவது இல்லை. முதலாவது. கோழி இறகு ரெண்டு சொருகினது. பதினேழு வருஷமாக அங்கே கிடந்தது. அதை மட்டும் எரிக்க மனசு வரவில்லை. அது எந்தப் பக்கமும் விலகாது, சும்மா சுற்றும். பத்திரமாக வைத்துக்கொள்.

கம்ப்ரஸர் இப்போதும் ஓடுகிறது. ஒரு கால் மட்டும் தரையில் சரியாக உட்காராமல் ஆடுகிறது. இந்தக் காகிதத்தை எட்டாக மடித்து அதன் அடியில் கொடுத்துவிடுவேன். உயரம் சரியாக இருக்கும். காகிதமும் வீணாகாது.

அந்தக் கடைசி அடி கோட்டுக்கு வெளியே விழுந்ததும் எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது, பிரபா. நீ பார்த்தது அதுதான்.